கிள்ளுபவரும் தொட்டிலை ஆட்டுபவரும்

அமெரிக்காவில் ஒருவருடைய பெயரைக் கொடுத்தால் அவருடைய வீட்டு விலாசம், முன்னர் குடியிருந்த இடங்கள், தொலைபேசி இலக்கம், உறவினர் பெயர்கள் ஆகியவற்றைச் சில டொலர்களுக்கு விற்கும் இணையத்தளங்கள் பல உள்ளன. பொதுப் பதிவேடுகளிலிருந்தும் விளம்பர நிறுவனங்களிடமிருந்தும் திரட்டிய விபரங்களே அவர்களின் சரக்கு.

இவற்றை நீக்கித் தருவதாக ஆண்டுச் சந்தா கேட்கும் நிறுவனங்களும் இப்போது பெருகிவிட்டன. நம்மவர் பலரும் பணம் கட்டுகிறார்கள். அச்சம் நியாயமானதே. 2025 ஜூனில் மினசோட்டா மாநில அரசியல்வாதி மெலிசா ஹோர்ட்மனும் கணவரும் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் குறிப்பேட்டில் இத்தகைய ஆட்தேடும் தளங்களின் பெயர்கள் இருந்ததாக நீதிமன்ற ஆவணங்கள் கூறின. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்புடன் வீடு தேடி வந்த கும்பல்களை அறிந்த நமக்கு, விலாசப் பட்டியல் எவர் கைக்குப் போகும் என்ற கேள்வி புதியதன்று.

ஆனால் காவலுக்கு வருபவர் யார்? 'ஒன்ரெப்' என்ற நீக்கல் சேவையின் தலைவரே ஆட்தேடும் தளங்கள் பலவற்றைத் தொடங்கியவர் என்பதை 2024 மார்ச்சில் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் அம்பலப்படுத்தினார். அவற்றுள் ஒன்றில் தமக்கு இன்னும் பங்கு உண்டு என்று அந்தத் தலைவரும் ஒப்புக்கொண்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். அச்சேவையைத் தன் பெயரில் விற்றுவந்த மொஸில்லா, உறவை முறிப்பதாக உடனே அறிவித்தது. முறிக்க 2025 இறுதிவரை எடுத்துக்கொண்டது!

எல்லோரும் அப்படியல்லர் என்பது உண்மை. ஆனால் 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' 2024இல் 13 தளங்களை வைத்து நடத்திய சோதனையில், சேவை எதனையும் நாடாமல் கையால் கோரிக்கை அனுப்பியதே 70 சதவீத விபரங்களை அகற்றி முன்னின்றது. ஆண்டுக்கு 249 டொலர் கேட்ட சேவை 68 சதவீதமும், 20 டொலர் சேவை 65 சதவீதமும் அகற்றின.

என் உடலில் பட்ட சேற்றைக் கழுவ நான் ஏன் கூலி கொடுக்க வேண்டும்? சேற்றை இறைத்தவரல்லவா கொடுக்க வேண்டும்? கலிபோர்னியா மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. அங்கு வசிப்பவர் அரச தளத்தில் ஒரே ஒரு கோரிக்கையைக் கட்டணமின்றிப் பதிந்தால் போதும். பதிவுசெய்த தரகர்கள் அனைவருக்கும் அது போய்ச் சேரும். தளம் 2026 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2026 ஒகஸ்ட் 1 முதல் தரகர்கள் 45 நாட்களுக்கொரு தடவை அதைப் பார்த்து நீக்க வேண்டும். தவறினால் ஒரு கோரிக்கைக்கு நாளொன்றுக்கு 200 டொலர் தண்டம். கலிபோர்னியாவில் உறவினர் இருப்போர் இதை இன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள். மற்ற மாநிலத்தவர் பெரிய தளங்களுக்கேனும் தாமே கோரிக்கை அனுப்பலாம். சில மாதங்கள் கழித்து மறுபடியும் தேடிப் பார்ப்பது அவசியம், நீக்கிய விபரம் திரும்பி வருவதுண்டு.