கேப்டன் நடராஜன்

2025 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை, ஆதார் கட்டாயம் என்று தமிழக அரசு போட்ட விதிகள் செல்லும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அன்றைக்குத்தான். அன்று ராத்திரியே அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் பெங்களூரு 6 ரன்னில் பஞ்சாபை வென்று, 18-வது சீசனில் முதல் கோப்பையைத் தூக்கியது. தீர்ப்பில் எனக்கு முழு நிம்மதி. விடிய விடிய போனைப் பார்த்துக் கண் சிவந்து வரும் பிள்ளைகளைப் பற்றி இங்கே நிறைய எழுதிவிட்டேன்.

நாங்களும் ஆடுகிறோம்: பஸ் ஸ்டாப் டீக்கடையில் எட்டுப் பேர் ஒவ்வொரு ஐபிஎல் ஆட்டத்துக்கும் ஆளுக்கொரு கற்பனை டீம் போடுவோம். காசு கிடையாது, ஒரு நோட்டுதான். ஆடும் இரண்டு அணிகளிலும் சேர்த்து 11 பேர். ரன்னுக்கு ஒன்று, விக்கெட்டுக்கு 25, கேப்டனுக்கு இரட்டிப்பு. டாஸுக்கு முன்பே டீமைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் நான் எட்டாவது இடம். சென்னையும் 14 ஆட்டத்தில் நான்கே வென்று, முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. மஞ்சள் சட்டையை மட்டுமே பார்த்து ஆள் எடுத்தேன். நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்கு ஆடி 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினான். அவனை நான் பாதி ஆட்டங்களில் எடுக்கவே இல்லை. இது தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். டெல்லி ஆடும் நாளெல்லாம் என் கேப்டன், யார்க்கர் போடும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் நடராஜன். 10.75 கோடிக்கு எடுத்தார்கள். முந்தின வருஷம் ஹைதராபாத்துக்கு 19 விக்கெட் எடுத்த ஆள். ஏழு மணிக்கு டாஸ் போட்டுப் பட்டியல் வரும், அநேகமாக அதில் அவர் பெயர் இருக்காது. "இன்னைக்கும் நடராஜனாண்ணே?" என்று பக்கத்து மெக்கானிக் தம்பி கேட்பான். ஆமாம்ப்பா என்பேன். கேப்டன் இடத்தில் சைபர் விழும்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற சாலை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று சேலம் போகிறது. சேலத்தைத் தாண்டினால் நடராஜனின் ஊர் சின்னப்பம்பட்டி. அம்மா சாலையோரக் கடை நடத்திய வீடு, டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளை. 2020 கடைசியில் வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். பிறகு ஊரில் பிள்ளைகள் ஆட ஒரு மைதானமும் கட்டினார். அவரை வெளியே உட்கார வைத்து ஆட்டம் நடக்கும்போது எனக்கு டிவி பார்க்கவே மனசு வரவில்லை.

அவரையே கேப்டனாக வைப்பதற்குக் காரணம் எங்கள் ஏரி. கோடையில் வற்றியதும் பையன்கள் அங்கே பிட்ச் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு இடக்கைப் பையன், பத்தாம் வகுப்பு முடித்தவன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, கிரீஸில் ஒற்றைச் செருப்பைக் கவிழ்த்து வைத்து, அதன் மேலேயே போட்டுப் பழகுகிறான். ரோமம் உதிர்ந்து வழுக்கையான டென்னிஸ் பந்து. வெடித்துக் கிடக்கும் தரையில் எங்கே விழுந்தாலும் பந்து கோணிக்கொண்டு போகும். தரையைத் தொடாமல் நேராகச் செருப்பில் இறங்கினால்தான் உண்டு. போட்டுவிட்டு அவனே ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "நடராஜன் வீடியோ பாத்தேன் சார்" என்றான்.

தோல் பந்தை இதுவரை கையில் தொட்டதில்லையாம். அடுத்த வாரம் ஒன்று வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

போன ஞாயிறு கரையில் உட்கார்ந்து எண்ணினேன். பன்னிரண்டு பந்தில் ஐந்து முறை செருப்பு எகிறியது. டீக்கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.