வெயில், வியர்வை, அடைமழை: ரைடிங் லெதர் ஜாக்கெட்டை நம்ம ஊரில் எப்படிப் பராமரிப்பது?

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ மதிய நேரத்தில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பைக்கில் போனால், "இந்த வெயில்ல இது தேவையா?" என்றுதான் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வண்டி சறுக்கி, ஆள் தார் ரோட்டில் உரசிக்கொண்டே போகும்போது உடம்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஜாக்கெட் மட்டும்தான்.

வெடித்துப்போன லெதரும் இற்றுப்போன தையலும் அந்த வேலையைச் செய்யாது. வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த ஜாக்கெட், இரண்டு மழைக்காலம் பீரோவுக்குள் கிடந்து பூஞ்சை பூத்து வீணாவது இங்கே சாதாரணம். ஜாக்கெட்டைப் பராமரிப்பது பளபளப்புக்காக அல்ல, பாதுகாப்புக்காக. ஹெல்மெட் ஸ்ட்ராப்பைச் சரிபார்ப்பதுபோல இதுவும் ஒரு வேலை.

லெதர் ஏன் கெட்டுப்போகிறது?

லெதர் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கும் பொருள். பதனிடும்போது அந்த நார்களுக்கு நடுவே எண்ணெய்ப் பசை ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்துகொடுப்பது அதனால்தான். பசை வற்றினால் லெதர் விறைக்கும். விறைத்ததை மடக்கினால் வெடிக்கும்.

நம்ம ஊரில் இதற்கு மூன்று எதிரிகள். முதலாவது வியர்வை. அது காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கி, லெதரையும் தையல் நூலையும் மெல்ல அரிக்கும். இரண்டாவது நேரடி வெயில். அது எண்ணெய்ப் பசையை வற்றவைத்து, நிறத்தையும் வெளுக்கச் செய்யும். மூன்றாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று. காற்றோட்டம் இல்லாத பீரோவுக்குள் பூஞ்சைக்கு அது போதும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஜாக்கெட்டைத் திருப்பி, உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் மாட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபேன் காற்று போதும். முன்பக்கம் ஒட்டிக் காய்ந்த பூச்சிகளைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டால் துடைத்ததும் வந்துவிடும்.

மாதம் ஒருமுறை முழுச் சுத்தம் செய்யலாம். தோள், முழங்கை, முதுகுப் பகுதிகளில் இருக்கும் பாதுகாப்புப் பட்டைகளையும், கழற்ற முடிந்தால் உள்துணியையும் முதலில் எடுத்துவிட வேண்டும். உள்துணியைத் தனியாகத் துவைக்கலாம். லெதரை, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, தேவைப்பட்டால் லெதருக்கென்றே விற்கும் சோப்பைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். சோப்பின் மிச்சம் தங்காதபடி மறுபடி ஈரத்துணியால் துடைப்பது முக்கியம்.

வாஷிங் மெஷின், துணி சோப்புத்தூள் இரண்டுமே கூடாது. லெதர் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்புத்தூள் காரம். இரண்டும் சேர்ந்தால் நார்களின் கட்டுமானம் தளரும். மழையில் நனைந்துவிட்டால், "வெயில்ல போட்டா சீக்கிரம் காஞ்சிடும்" என்ற பழக்கத்தையும் விட வேண்டும். ஹேர் டிரையர், அடுப்படிச் சூடு எதுவும் வேண்டாம். நிழலில் இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

செருப்புக்குத் தடவிப் பழகிய கை, ஜாக்கெட்டுக்கும் அதையே தேடும். ஆனால் சமையல் எண்ணெய் சீராகப் பரவாது. திட்டுத்திட்டாகக் கறுக்கும், தூசியை இழுக்கும், பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். லெதர் கண்டிஷனரை மெல்லிய பூச்சாகத் தடவி, ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுப்பதே சரி. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போதும். கோடை முடிந்ததும் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். எதைத் தடவினாலும் முதலில் வெளியே தெரியாத ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்வேட் மாதிரியான சொரசொரப்பு லெதருக்கு இந்த முறை பொருந்தாது.

பூஞ்சை பிடித்துவிட்டால்?

தூக்கி எறிய அவசரம் வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டிவிட வேண்டும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே கண்டிஷனர்.

மறுபடி வராமல் இருக்க, அகலமான தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டி, மேலே பருத்தித் துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டலாம், ஈரத்தை எடுக்காது. அதற்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்தான் உதவும்.

எப்போது கைவிட வேண்டும்?

தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் தையல் பிரிந்தாலோ ஆழமாக வெடித்திருந்தாலோ அதை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஒருமுறை விழுந்து உரசிய ஜாக்கெட்டையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் போடக் கூடாது. புதிதாக வாங்குபவர்கள், ஐரோப்பியத் தரமான 'இ.என். 17092' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் 'ஏஏஏ' உச்சப் பாதுகாப்பு. 'ஏஏ', 'ஏ' அடுத்தடுத்த நிலைகள். அலங்காரத்துக்கு விற்கும் ஜாக்கெட்டில் இந்த முத்திரை இருக்காது.

சொல்லித்தர வேண்டியது யார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. உடைக்கு அப்படி விதி இல்லை. இந்த வெயிலில் எல்லோரும் லெதர் போட வேண்டும் என்று சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு, அதை எப்படிக் காப்பது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஜாக்கெட்டோடு வரும் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், குளிர்நாட்டை மனதில் வைத்து எழுதியதாக இருக்கிறது.

லெதருக்குப் புதியவர்கள் அல்ல நாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து லெதர் உலகம் முழுக்கப் போகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் உள்ள செம்பட்டு, பாரம்பரியமாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டுவந்த 'இ.ஐ. லெதருக்கு' பேர் போனது. சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. இவ்வளவும் இருக்கும் மாநிலத்தில், வியர்வைக்கும் அடைமழைக்கும் ஏற்ற ஒரு பக்கப் பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் அச்சிட்டு ஜாக்கெட் பையில் வைப்பது பெரிய காரியமா என்ன? தயாரிப்பாளர்களும் கடைக்காரர்களும் இந்த மழைக்காலத்துக்கு முன்பே அதைத் தொடங்கலாம்.