சலவைக்கல் பள்ளத்தாக்கு: மூடிய கதவை அவசரமாகத் திறக்கலாமா?

கிழக்கு ஆசியாவில் தைவான் என்று ஒரு தீவு இருக்கிறது. முன்பு இதைப் பார்மோசா என்று அழைப்பார்கள். வடக்கே இருந்து தெற்கு வரை இதன் நீளம் சுமார் 390 கிலோ மீட்டர்தான். தீவு சிறியது, ஆனால் மலைகள் பெரியவை. 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் மட்டும் இருநூறுக்கு மேல் இருக்கின்றன.

தீவின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் ஜில்லா. அங்கேதான் தாரோக்கோ பள்ளத்தாக்கு இருக்கிறது. லிவு என்ற ஆறு மலையை அறுத்துக் கொண்டு ஓடுகிறது. ஆற்றின் இரு பக்கமும் செங்குத்தான சுவர்கள். அவை சாதாரணக் கல் அல்ல. சலவைக்கல்! சில இடங்களில் அண்ணாந்து பார்த்தால், வானம் ஒரு ரிப்பன் அகலத்துக்குத்தான் தெரியும்.

1986-ம் ஆண்டு இந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு சுமார் 92,000 ஹெக்டேர். ஆற்றங்கரை ஓரமாகக் குழந்தைகள் நடக்கக் கூடிய பாதைகள் இருந்தன. கைதேர்ந்தவர்கள் ஏறும் பாதைகளும் இருந்தன. அவற்றில் ஒன்று சுயிலு பழைய பாதை. ஆற்றுக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில், மலைச் சுவரைக் குடைந்து போட்ட பாதை அது. சில இடங்களில் அகலம் 90 சென்டி மீட்டர்தான். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது.

குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து பார்த்து மகிழ்ந்த இடம் இது. 2024 ஏப்ரல் 3-ந் தேதி அதன் கதவு மூடிக் கொண்டது.

காலை 7-58 மணி

அன்று காலை 7 மணி 58 நிமிடத்துக்குப் பூமி குலுங்கியது. தைவான் நிபுணர்கள் பூகம்பத்தின் அளவு 7.2 என்று கணக்கிட்டார்கள். அமெரிக்க நிபுணர்கள் 7.4 என்றார்கள். 25 ஆண்டுகளில் அந்தத் தீவு கண்ட மிகப் பெரிய பூகம்பம் அதுதான்.

பள்ளத்தாக்கில் பாறைகள் மழையாகக் கொட்டின. சாலைகள் துண்டாயின. சுரங்கப் பாதைகளின் வாயில்கள் அடைபட்டன. விடுதிகளிலும் பாதைகளிலும் இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே வர வழி இல்லாமல் சிக்கிக் கொண்டார்கள். சிலரை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். இந்தியர் இருவரையும் காணோம் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு அவர்கள் பத்திரமாக இருப்பதாக இந்திய வெளிவிவகார அமைச்சகம் அறிவித்தது.

மொத்தம் 18 பேர் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் காயம் அடைந்தார்கள்.

மறுநாள் முதல் தைவானில் நீண்ட விடுமுறை. முன்னோர்களின் கல்லறைகளுக்குப் போய் வணங்கும் பண்டிகைக் காலம் அது. பூகம்பம் ஒரே ஒரு நாள் தாமதித்து வந்திருந்தால், பள்ளத்தாக்கில் கூட்டம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

நகரம் தப்பியது எப்படி?

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1999 செப்டம்பர் 21-ந் தேதி தைவானில் இதே போன்ற ஒரு பெரிய பூகம்பம் வந்தது. அப்போது சுமார் 2,400 பேர் மாண்டார்கள். 2024-ல் மாண்டவர்கள் 18 பேர். இவ்வளவு வித்தியாசம் ஏன்?

பூகம்பம் தாக்கிய இடமும் ஆழமும் ஒரு காரணம். மற்றொரு காரணம் மனிதன் கற்ற பாடம். 1999-க்குப் பிறகு கட்டிடச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். பள்ளிக்கூடங்களைப் பலப்படுத்தினார்கள். மக்களுக்கும் மீட்புப் படையினருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் நகரங்கள் தாக்குப் பிடித்தன.

2024-ல் மாண்டவர்களில் பெரும்பாலோர் வீடு இடிந்து சாகவில்லை. மலையில் இருந்து உருண்ட பாறைகளே அவர்களைக் கொன்றன. சகாதாங் என்ற எளிய நடைபாதையில், சாதாரணமாக நடந்து போனவர்கள் மாண்டார்கள்.

வீட்டை என்ஜினீயர் கட்டுகிறார். அதற்குச் சட்டம் போடலாம். மலையை யாரும் கட்டவில்லை. அதற்கு எந்தச் சட்டம் போடுவது? மலையில் மனிதனைக் காப்பாற்றும் வழி ஒன்றுதான். ஆபத்தான நேரத்தில் அங்கே போகாமல் இருக்க வேண்டும்.

அழகும் ஆபத்தும் ஒன்றே

பள்ளத்தாக்கு எப்படி உண்டாயிற்று என்று தெரிந்தால் இது நன்றாக விளங்கும்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கல் கடலுக்கு அடியில் சுண்ணாம்புப் படிவமாக இருந்தது. பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல பெரிய தட்டுகளாக இருக்கிறது. தைவான் அருகே இரண்டு தட்டுகள் மோதுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 8 சென்டி மீட்டர் வீதம் அவை நெருங்குகின்றன. 12 ஆண்டில் இது ஏறக்குறைய ஒரு மீட்டர்!

இந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சுண்ணாம்புக் கல் சலவைக்கல் ஆயிற்று. அதே அழுத்தம் அதை மலையாக உயர்த்தியது. மலை உயர உயர, ஆறு அதை அறுத்தது. அறுபட்ட சுவர்களே இன்று நாம் வியந்து பார்க்கும் காட்சி.

ஆக, மலையைத் தூக்கி நிறுத்திய சக்தியே பூகம்பத்தையும் கொண்டு வருகிறது. பூகம்பம் இல்லாத தாரோக்கோ என்று ஒன்று இருக்கவே முடியாது. "எல்லாம் சரியாகி விட்டது, இனிப் பயம் இல்லை" என்று சொல்லக் கூடிய நாள் அங்கே வராது.

பூகம்பம் ஓய்ந்தாலும் தொல்லை ஓய்வதில்லை. ஒரு மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் அதிகமான சிறு அதிர்ச்சிகள் வந்தன. 2024 ஜூலையில் கேமி புயல், அக்டோபரில் காங்ரே புயல் தைவானைத் தாக்கின. பூகம்பத்தில் ஆடிப்போன சரிவுகள், மழை பெய்தால் மேலும் சரியும். அதனால்தான் பாதைகளை முழுவதும் சீர்செய்யப் பல ஆண்டுகள் ஆகும் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

இது அவர்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. மலையைக் குறுக்கே கடக்கும் நெடுஞ்சாலையை 1956 முதல் 1960 வரை போட்டார்கள். ஓய்வு பெற்ற போர் வீரர்களே பெரும்பாலும் வேலை செய்தார்கள். 200-க்கும் அதிகமானவர்கள் உயிர் இழந்தார்கள். அவர்கள் நினைவாக அருவிக்கு மேலே ஓர் ஆலயம் எழுப்பினார்கள். 1979-லும் 1987-லும் மலை சரிந்து அந்த ஆலயமே இடிந்தது. இரண்டு முறையும் திரும்பக் கட்டினார்கள்.

யார் வயிற்றில் அடி?

கதவை மூடியது சரி. ஆனால் மூடியதன் நஷ்டம் யாருக்கு?

இந்த மலையின் பழங்குடி மக்கள் துருகு இனத்தவர். தாரோக்கோ என்ற பெயரே அவர்கள் பெயரில் இருந்து வந்தது. 1914-ல் ஜப்பானியர் பெரும் படையுடன் வந்து அவர்களைத் தோற்கடித்தார்கள். பிறகு மலைக் கிராமங்களில் இருந்து அவர்களைக் கீழே இறக்கிக் குடி வைத்தார்கள். அவர்களைத் தனி இனமாகத் தைவான் சர்க்கார் ஏற்றுக் கொண்டது 2004-ல்தான்.

பூங்கா வந்த பின் வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. பலர் பிரயாணிகளை நம்பி வாழத் தொடங்கினார்கள். வழி காட்டினார்கள். சாப்பாடு சமைத்துக் கொடுத்தார்கள். சிறு விடுதி நடத்தினார்கள். கைவினைப் பொருள் விற்றார்கள். பூகம்பத்துக்குப் பின் அந்த வருமானமும் படுத்தது.

ஹுவாலியன் வரும் பிரயாணிகளுக்கு சர்க்கார் சலுகைகள் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் முதலில் நகரத்து ஓட்டல்களுக்குத்தான் போகும். மலை அடிவாரத்தில் பலகாரம் விற்பவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

இந்தக் கஷ்டத்தைக் காட்டி, "சீக்கிரம் திறங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. கஷ்டம் உண்மை; மருந்துதான் தவறு. பாதையைத் திறந்து, மறுபடியும் பாறை விழுந்தால் மாளப் போவது பிரயாணி மட்டும் அல்ல. அவனுக்கு வழி காட்டும் துருகு இளைஞனும்தான். பிறகு எந்தப் பிரயாணியும் வர மாட்டான்.

சரியான வழி வேறு. மூடிய காலத்திலும் அந்த மக்களுக்கு வேலை வேண்டும். பாதை சீர்செய்யும் வேலை, பாறைச் சரிவைக் கண்காணிக்கும் வேலை எல்லாம் அவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். அந்த மலையை அவர்களை விட நன்றாக அறிந்தவர் யார்? பொதுமக்கள் உயிரைக் காக்கக் கதவை மூடுகிறோம் என்றால், அதன் செலவைப் பொதுமக்களே ஏற்க வேண்டும். ஒரு சில குடும்பங்கள் தலையில் கட்டக் கூடாது.

பிரயாணி செய்ய வேண்டியது

போகிறவர்களுக்கும் கடமை உண்டு. புறப்படும் முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்கா அறிவிப்பில் பார்க்க வேண்டும். பாறை விழும் இடங்களில் அணிந்து கொள்ள, தாரோக்கோவில் தலைக் கவசம் இலவசமாகவே கடன் கொடுத்தார்கள். அழகு கெடும் என்று அதை வாங்காமல் போனவர்களும் உண்டு! செங்குத்தான சுவருக்குக் கீழே நின்று படம் எடுக்கக் கூடாது. பெருமழைக்குப் பின்னும், பூமி ஆடிய பின்னும் மலைப் பாதையில் கால் வைக்கக் கூடாது.

"இவ்வளவு தூரம் வந்து விட்டோமே" என்று கயிற்றைத் தாண்டிப் போவதுதான் பெரிய ஆபத்து. மூடியிருந்தால் திரும்பி விட வேண்டும். நம்மைத் தேடி வரும் மீட்புப் படையினருக்கும் வீட்டில் பிள்ளை குட்டிகள் உண்டு.