பவளத்துக்குச் சுண்ணாம்பு

ஜவ்வாது மலையிலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போகணும். வீட்டுக்குள்ளேயே கடல் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, சுத்திகரித்த தண்ணீர், கடல் உப்புக் கலவை, நல்ல லைட். வெளிநாடுகளில் இப்படித்தான் ஹாலில் பவளம் வளர்க்கிறார்கள்.

பவளத்துக்கு முக்கியம் கால்சியம். கடலில் உள்ளது போல லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் இருக்கணும். இது நம் சம்பளம் மாதிரி. ஒண்ணாம் தேதி முழுசா இருக்கும், பவளம் கூடு கட்டக் கட்டக் கரைந்துவிடும். ஈடுகட்ட மலிவான வழி, சுண்ணாம்புத் தண்ணீர். லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடணும். மொத்தமாகக் கொட்டினால் காரம் எகிறி எல்லாம் காலி! வெற்றிலைச் சுண்ணாம்பும் இதே சரக்குதான். அதற்காகத் தாத்தாவின் டப்பாவைக் கவிழ்த்துவிடாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கோ!

நாம் செய்தது இதற்குத் தலைகீழ். மன்னார் வளைகுடாவில் பல வருஷம் பவளப்பாறையை வெட்டிச் சுட்டு, சுண்ணாம்பாக்கினோம். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. 2001-லிருந்து பவளப்பாறை சட்டத்தில் புலிக்குச் சமம்; ஒரு துண்டு ஒடித்து வந்தாலும் கேஸ்தான். தொட்டி ஆசை இருந்தால் மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள் சார்.

தொட்டியில் குறைந்த கால்சியத்தைச் சில நாளில் சரிக்கட்டிவிடலாம். மூழ்கிய தீவுக்கு எத்தனை சொட்டு விடுவது?