இரவல் சேலையும் ராஜாங்க விஜயமும்

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் மம்சாபுரத்தில், ராஜபாளையத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் புறப்பட்ட அடுத்த வீட்டுப் பெண்மணி, தம் நாத்தனாரிடம் இரவல் வாங்கிய அரக்கு நிறப் பட்டுச் சேலையை, அதன் முந்தானையில் முன்னொரு விசேஷத்தில் பட்ட சாம்பார்க் கறை வெளியே தெரியாதபடி மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு பஸ் ஏறினார். மண்டபத்தில் சந்தனம் தொட்டு, இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சத்திரப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி சேலைக் கரையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இது ஒன் நாத்தனா வளைகாப்புக்குக் கட்டுன சேலையில்ல?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவர் கொஞ்சமும் சளைக்காமல், “ஆமா அத்தை, அவுகதான் குடுத்தாக” என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது; பந்தி பரிமாற ஆரம்பித்தார்கள்.

இதே கேள்வியை ஒரு தேசமே கேட்டதும், நேரான பதில் கிடைக்க மூன்று வருஷங்கள் பிடித்ததும் தென் கொரியாவில் நடந்த கதை. 2022 ஜூன் மாதம் நேட்டோ மாநாட்டை முன்னிட்டு மாட்ரிட் நகரத்துக்கு விஜயம் செய்த அன்றைய அதிபர் யூன் சுக் யோலின் மனைவி கிம் கியோன் ஹீ, கழுத்தில் ஒரு பிரெஞ்சுப் பதக்கச் சங்கிலி அணிந்திருந்தார். அதன் பெறுமானம் 6 கோடி வோனுக்குக் குறையாது என்று பேச்சு எழுந்தது. 50 லட்சம் வோனுக்கு மேற்பட்ட ஆபரணத்தை உயர் பதவியிலிருப்போர் தம் குடும்பச் சொத்துக் கணக்கில் காட்டவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாதலால், கணக்கில் காணாத சங்கிலி கழுத்துக்கு எப்படி வந்தது என்று எதிர்க்கட்சியினர் வினவினர். முதலில் அது இரவல் என்றார்கள். பிற்பாடு போலி நகை என்றார்கள். கடைசியில் ஒரு கட்டுமான நிறுவனத் தலைவர் அசல் நகையைப் பரிசாகக் கொடுத்தது தாமே என்று ஒப்புக்கொள்ள, 2025 ஆகஸ்டில் அந்த அம்மையார் வேறு சில குற்றச்சாட்டுகளோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டார். இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி கொரிய பாஷையில் உண்டோ என்னவோ, அதன் பொருள் இந்நேரம் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

தலைவருடைய மனைவி ஓட்டு வாங்கி வந்தவர் அல்லர், சர்க்கார் சம்பளம் பெறுபவரும் அல்லர், ஆகவே அவருடைய உடையைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதே வம்பு என்று வாதிப்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 1962 மார்ச்சில் ஜாக்குலின் கென்னடி இந்தியாவுக்கு வந்தபோது, உதயப்பூர் ஏரியில் அவர் அணிந்திருந்த உடையின் நிறத்தைப் பத்திரிகைகள் வர்ணித்த சிரத்தையைக் கண்டால், அந்தப் பெண்மணி எதையாவது பேசினாரா என்று இன்றைக்கு எடுத்துப் படிப்பவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். நிறம் பொருந்தியதா, கொண்டை அழகா, வயசுக்குத் தகுமா என்பதெல்லாம் அவரவர் ருசி. அதில் ஊராருக்கு வேலை இல்லை. ஆண்களை மட்டும் இந்த விசாரணையிலிருந்து விலக்கிவிடுவதும் நியாயமாகாது. 2015 ஜனவரியில் ஒபாமாவை வரவேற்றபோது நம் பிரதமர் அணிந்திருந்த, அவர் பெயரையே கோடுகளாக நெய்த கோட்டு, அடுத்த மாதமே சூரத் நகரத்து ஏலத்தில் 4 கோடியே 31 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. எங்கள் விருதுநகர்ப் பக்கத்துக் காமராஜர் பிரம்மசாரியாக இருந்துவிட்டதனாலும், 1966-ல் சோவியத் நாட்டுக்குப் போனபோதும் அதே வேட்டி சட்டையோடு போய் வந்ததனாலும், உடை விஷயம் எழுதும் நிருபர்களுக்கு இரண்டு வழியிலும் வேலை வைக்கவில்லை.

ஒப்புக்கொள்ளாத மற்றப் பாதி இது: சர்க்கார் விமானத்தில் ஏறி, அன்னிய நாட்டு ராஜாங்க விருந்தில் தேசத்தின் பெயரால் அமரும் ஒருவருடைய உடலில் கிடக்கும் துணி, அந்த நாலு நாளைக்கு அவருடைய சொந்தத் துணி மாத்திரம் அன்று. அது எந்தத் தறியில் நெய்தது, யார் பணத்தில் வாங்கியது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கக் குடிமகனுக்குப் பூரண உரிமை உண்டு. அழகாக இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு அந்த உரிமை இல்லை. சீன அதிபரின் மனைவி பெங் லியுவான் 2013 மார்ச்சில் மாஸ்கோவில் விமானத்தைவிட்டு இறங்கியபோது, தோளிலே பாரிஸ் நகரத்துக் கைப்பை தொங்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். மேலங்கியும் பையும் குவாங்சௌ நகரத்து உள்நாட்டு நிறுவனம் ஒன்றின் சரக்கு என்று தெரிந்ததும், அந்த நிறுவனத்தின் கடைகளை ஜனங்கள் மொய்த்துவிட்டார்கள். ஒரு கைப்பையால் இத்தனை காரியம் ஆகிறது.

ஆயினும் இந்த விஷயத்தில் என் மனம் நெடுநேரம் தங்கி நிற்பது நம்மவர் ஒருவரிடத்தில்தான். பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்த ரா. வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். அவரை 1938-ல் மணந்த ஜானகி அம்மையார், பட்டின் ஜன்ம பூமியைப்போல் தன்னைப் பாவித்துக்கொள்ளும் தமிழ்நாட்டிலிருந்து ராஷ்டிரபதி பவனத்துக்குச் சென்றவராக இருந்தும், பட்டு உடுத்துவதை விட்டவர். கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறினால் இழை அறுந்துபோகும் என்பதற்காக, அது உள்ளே உறங்கும்போதே கூட்டோடு கொதிநீரிலோ நீராவியிலோ இட்டுக் கொன்றுதான் பட்டுநூலைச் சுற்றி எடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான உயிர்கள். காஞ்சிப் பெரியவரும் இதைக் காரணமாகச் சொல்லிப் பட்டை விலக்கும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டதுண்டு. அம்மையார் விலக்கியதோடு நிற்காமல், ஹைதராபாத்தில் கைத்தறித் துணிகளைப் பார்வையிட்டபோது, புழுவைக் கொல்லாமல் பட்டு நெய்ய முடியாதா என்று கேட்டார். ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றிய குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப்போனார். பூச்சி தானாகத் துளைத்துப் பறந்துபோகும் வரையில் காத்திருந்து, வெறுங்கூட்டைப் பக்குவம் செய்து, அறுந்த இழைகளைப் பஞ்சு நூற்பதுபோல் நூற்று, அஹிம்சைப் பட்டு என்ற பெயரில் நெய்து காட்டிக் காப்புரிமையும் பெற்றார். அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காஞ்சிப் பட்டின் மினுமினுப்பும் சரசரப்பும் அதில் இல்லை, சற்று மங்கலாக, கதர் சொந்தம் கொண்டாடுவதுபோல மெத்தென்று இருக்கும், விலையும் கூடுதல்.

ராஷ்டிரபதியின் பத்தினி என்ற ஸ்தானத்துக்கு நம் அரசியல் சட்டத்தில் ஓர் அதிகாரமும் கிடையாது. ஒரு கோப்பில் கையெழுத்திட உரிமையில்லாத அந்த இடத்திலிருந்து, துணியைப் பற்றிக் கேட்ட ஒரே ஒரு கேள்வி ஒரு புதிய நூலையே பிறப்பித்தது என்றால், உடை விஷயம் அற்ப விஷயம் என்று நான் எப்படிச் சொல்வது?

எங்கள் பிரதேசமோ நூலிலேயே பிழைப்பது. 1936-ல் ராஜபாளையம் மில் நிறுவப்பட்ட காலந்தொட்டு, பஞ்சாலையில் ஷிஃப்டு பார்க்காத வீடு இங்கே குறைவு. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ எவருடைய காயத்தையோ சுற்றுகிறது. துணி பிரயாணம் போவதும் எங்களுக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை வருஷந்தோறும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரையில் எழுந்தருளும் அழகருக்கும் போகிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வஸ்திரம் வருகிறது. வந்த வஸ்திரத்தைத் தட்டில் வைத்து மேளதாளத்துடன் எடுத்து வரும்போது, அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்பது தெருவில் நிற்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். பரிசு என்பது இப்படிப் பட்டப்பகலில் வரவேண்டும்.

முதலீடு தேடி 2022-ல் துபாய், அடுத்த வருஷம் சிங்கப்பூரும் ஜப்பானும், 2024-ல் ஸ்பெயினும் அமெரிக்காவும் என்று நம் முதலமைச்சரே கடல் கடந்து போய் வந்த காலம் இது. யார் பதவியில் இருந்தாலும் இனியும் போவார்கள். துணைவியரோ துணைவரோ உடன் போவதும் சகஜம். அங்கே கையெழுத்தான ஒப்பந்தங்களைப் பற்றி வெளியிடும் செய்திக் குறிப்பின் அடியில், உடன் சென்றவர் விருந்துகளுக்கு உடுத்தியவை எந்த ஊர் நெசவு, என்ன விலை, யார் கொடுத்த பணம் என்று இரண்டு வரி சேர்த்தால் சர்க்காருக்குக் காகிதச் செலவுகூட ஆகாது. கோ-ஆப்டெக்ஸ் ரசீது ஒன்றைப் பின்னோடு குத்தி அனுப்பினால் இன்னும் விசேஷம். அந்த வரிகளில் என்றைக்காவது எங்கள் பக்கத்துத் தறிச் சேலை ஒன்று இடம் பெறுமானால், புகைப்படத்தில் கரையைப் பார்த்த மாத்திரத்தில் அதை நெய்த வீடு எது என்று மம்சாபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சொல்லிவிட ஆட்கள் இருக்கிறார்கள்.