கீழே எண்ணெய்க் கடல் இல்லை!

நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்றால், "பூமிக்கடியில எண்ணெய்க் கடலே இருக்கு" என்பார்கள் எங்க தெருவில். நானும் நம்பினேன். தப்பு! செங்கல்லில் தண்ணீர் ஊறியிருக்கிற மாதிரி, மணற்பாறையின் நுண்துளைகளில்தான் எண்ணெய் இருக்கு. நீரைவிட லேசானதால் சரிவான பாறை வழியே மேலே ஏறிக்கொண்டே போகும். காவிரிப் படுகையில் டைனோசர் காலத்திலேயே நிலம் பிளந்து, ஒரு பக்கம் கீழே இறங்கியது. அப்படி இறங்கும்போது மணற்பாறைக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றால் வழி அடைபடும். எண்ணெயும் வாயுவும் அங்கேயே மாட்டிக்கும். (அடைபடாவிட்டால் பிளவு வழியாகவே கசிந்து போய்விடும்!)

2020-ல் டெல்டாவில் புது எண்ணெய்க் கிணறு கூடாதென்று சட்டம் வந்தது. என் கருத்தும் அதுதான். ஆனால், "எண்ணெயை எடுத்தா கீழே குகையாயிடும்" என்று பேசினால் பட்டிமன்றத்தில் தோற்றுப்போவோம். பாறை அங்கேயேதான் இருக்கும். குழாய் உடைந்து எண்ணெய் பரவினால் நடவு வயல் என்னாகும்? அதைக் கேட்போம் தோழிகளே.