தோட்டத்து நாய்க்கும் நடை வேண்டுமா?

கேள்வி: 'ஐந்து ஏக்கரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். காய் திருட்டுக்குப் பயந்து, இரண்டரை வயது சிப்பிப்பாறை நாய் ஒன்றை மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கட்டி வளர்க்கிறோம். சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. ஆனால், சில மாதங்களாக இரவு முழுக்க எதற்கென்றே தெரியாமல் குரைக்கிறது. போன வாரம் தண்ணீர் வைக்கப் போன மகனின் கையைக் கவ்விவிட்டது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். தினமும் நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். இவ்வளவு பெரிய தோப்பில் இருக்கிற நாய்க்கும் நடை தேவையா? எவ்வளவு நேரம்?'
- பொள்ளாச்சி பகுதி வாசகர்

பதில்: நாயைப் பற்றிப் பேசும் முன்பு பையனைக் கவனிக்க வேண்டும். பல் லேசாகப் பட்டிருந்தாலும், கீறல் மட்டுமே என்றாலும், அரசு மருத்துவமனையில் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியை முழுத் தவணையும் போட்டுவிட வேண்டும். இதுவரை போகவில்லை என்றால் இன்றே போக வேண்டும். நாய் கடித்தவுடன் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் உதவி. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்டக் கூடாது. கடித்த நாளிலிருந்து 10 நாள்களுக்கு நாயைக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். அதுவரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. தண்ணீர் விழுங்கத் திணறினாலோ, எச்சில் ஒழுகினாலோ பக்கத்தில் போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

இனி, கேள்விக்கு வருவோம். நடை கட்டாயம் தேவை. தோப்பு ஐந்து ஏக்கர் என்றாலும், ஆறடிச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு அந்த ஆறடிதான் உலகம். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஓடி முயல் பிடிப்பதற்காகவே வளர்க்கப்பட்டு வந்த இனங்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு எல்லாமே ஓட்டத்துக்கு அமைந்தவை. அப்படிப்பட்ட நாயைக் கட்டியே போட்டால், செலவாகாத சக்தி குரைப்பாகவும், மண்ணைப் பறிப்பதாகவும், சங்கிலியைக் கடிப்பதாகவும், நின்ற இடத்திலேயே சுற்றுவதாகவும் வெளிப்படும். பக்கத்தில் வருபவர் மீது பாய்வதும் இதில் சேரும். கட்டிக் கிடக்கும் நாயால் விலகிப் போக முடியாது. அதனால், பயந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி கடிப்பதுதான்.

காவலுக்கும் இதனால் லாபமில்லை. ஓணான் ஓடினாலும் மட்டை விழுந்தாலும் குரைக்கிற நாயின் சத்தத்துக்கு, திருடன் வரும் நாளில் யாரும் எழுந்து போய்ப் பார்க்கமாட்டார்கள்.

எவ்வளவு நேரம்?

ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்குக் காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை போன்றவற்றுக்கு இதுவே குறைந்த அளவு. வேலி அடைப்புள்ள இடம் இருந்தால், கூடுதலாக 15 நிமிடம் அவிழ்த்துவிட்டு ஓட விடலாம். ஆனால், முயலைத் துரத்த விடக் கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

குட்டிகளுக்கு நீண்ட நடை ஆகாது. வயதில் ஒரு மாதத்துக்கு 5 நிமிடம் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன்படி, நான்கு மாதக் குட்டிக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களில் எலும்பு முதிர ஒன்றேகால், ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதுவரை வேகமாக ஓட வைக்கக் கூடாது. வயதான நாய்க்குப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று, நான்கு தடவை நடத்தினால் போதும்.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்ற கேள்வி வரும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. சதுரமான ஐந்து ஏக்கர் நிலத்தின் வேலியைச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 570 மீட்டர். மூன்று சுற்று வந்தால் 1,700 மீட்டர். நாய் அங்கங்கே நின்று மோந்து பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். மோட்டார் போடப் போகும்போதும், மடை பார்க்கும்போதும், விழுந்த காய் பொறுக்கும்போதும் கூடவே கூட்டிப் போகலாம். வேலியில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பதும் இந்தச் சுற்றில் கண்ணில் படும்.

மோந்து பார்ப்பதை இழுத்துத் தடுக்கக் கூடாது. எல்லையின் வாசனையும், தினமும் வந்து போகிறவர்களின் வாசனையும் நாய்க்கு இப்படித்தான் பழகும். பால்காரரும் வேலையாட்களும் வரும் நேரத்தில், கயிற்றில் பிடித்தபடி அவர்கள் பக்கமாக நடத்தினால், தெரிந்தவர் யார், புதியவர் யார் என்று பிரித்துக் குரைக்கப் பழகும்.

கவனிக்க வேண்டியவை

நெடுநாள் கட்டிக் கிடந்த நாயை முதல் நாளே அரை மணி நேரம் நடத்தக் கூடாது. 10 நிமிடத்தில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் அரை மணி நேரத்துக்குக் கொண்டு வர வேண்டும். கடித்த நாய் என்பதால், பெரியவர்கள் மட்டுமே பிடிக்க வேண்டும். குழந்தைகள் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வாய்க்கூடு போடுவது நல்லது.

காலை 7 மணிக்கு முன்பும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் நடத்த வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் பொறுக்காது. தள்ளாடினாலோ, இரைப்பு அடங்காவிட்டாலோ நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். டூவீலரில் கட்டி ஓட வைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். களைத்தாலும் நிற்க முடியாமல் ஓடி நாய் விழுந்துவிடும்.

சாப்பிட்டவுடன் நடத்தக் கூடாது. நெஞ்சு ஆழமான இனங்களில் வயிறு உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நடந்து வந்து அரை மணி நேரம் கழித்துத் தீனி வைப்பதே நல்லது.

மருந்து தெளித்த வயல் வழியாகப் போகக் கூடாது. பாதத்தை நக்கும்போது மருந்து வயிற்றுக்குள் போய்விடும். சிங்க் பாஸ்பைடு கலந்த எலி மருந்து வைத்துள்ள இடத்தில் கயிற்றைத் தளர்த்தக் கூடாது. வீடு திரும்பியதும் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பகலில் கட்ட வேண்டியிருந்தால், நிழலான இடத்தில் இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி இழுத்து, வளையம் மாட்டி, சங்கிலி அதில் ஓடும்படி செய்யலாம். சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரண்டு முனையிலும் தடுப்பு வைக்க வேண்டும். ஆனாலும், இது நடைக்கு ஈடாகாது. எப்போதும் கட்டி வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ம் பிரிவின்படி தண்டனைக்கு உரியது.

நடை போதுமா என்பதை நாயின் நகமும் விலாவும் சொல்லும். கட்டிக் கிடக்கும் நாயின் நகம் தேயாமல் நீண்டு வளைந்திருக்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுத்திருந்தால், தீனி அதிகம், நடை குறைவு.

கடித்ததற்கு வலியோ நோயோ காரணமாகவும் இருக்கலாம். எனவே, கால்நடை மருந்தகத்தில் ஒருமுறை காட்டி, ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். அதன்பிறகு இரண்டு மாதங்கள் விடாமல் நடத்திப் பார்க்கலாம். கடிக்கிற குணத்தோடு இன்னொரு வீட்டுக்கு அனுப்பினால், அங்கேயும் அதைச் சங்கிலியில்தான் கட்டுவார்கள். தண்ணீர் வைக்க அங்கேயும் ஒரு பையன் போவான்.